சராசரி மழையும் நம் ஊர் மழையும்
வடகிழக்குப் பருவமழை முன்கணிப்பை வகுப்பறையில் வாசித்தல்

2024 அக்டோபர் முதல் வாரம். எட்டாம் வகுப்பில் வானிலையும் காலநிலையும் பற்றிய பாடம். அன்றைய செய்தித்தாளை வகுப்புக்கு எடுத்துச் சென்றிருந்தேன். “வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட அதிகமாகப் பெய்ய வாய்ப்பு” என்ற செய்தியை ஒரு மாணவி உரக்க வாசித்தாள். வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். கல்வராயன் மலையடிவாரச் சிற்றூரிலிருந்து வருபவன்.

“டீச்சர், அதிகமா பெய்யும்னா எங்க ஊர்லயும் அதிகமா பெய்யுமா? எங்கப்பா குச்சிக்கிழங்க இப்பவே புடுங்கிடலாமா, தை வரைக்கும் விடலாமானு யோசிச்சிட்டு இருக்காரு. நான் போய் என்னனு சொல்லட்டும்?”

பருவக்காற்று எப்படி உருவாகிறது என்று நான் அவனுக்கு விளக்கியிருக்க முடியும். அவன் கேட்டது அதுவல்ல. ஒரு செய்தியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் முடிவெடுக்க முடியுமா என்பதே அவன் கேள்வி. நிலம் நீர் கோத்துக்கொண்டால் கிழங்கு அழுகும். முன்கூட்டியே பிடுங்கினால் எடை குறையும். இரண்டிலும் இழப்பு அவன் வீட்டுக்குத்தான்.

“நாளைக்குச் சொல்கிறேன்” என்று அன்று சமாளித்தேன். அந்த நாளைய பதில் மூன்று மாதத்துக்கு நீண்ட ஒரு வகுப்பறைப் பணியாக மாறியது. எட்டாம் வகுப்பின் வானிலைப் பாடத்துக்கும், பத்தாம் வகுப்பில் வரும் இந்தியாவின் காலநிலைப் பாடத்துக்கும், கணக்குப் பாடத்தின் சராசரி, விழுக்காடு, நிகழ்தகவு ஆகிய பகுதிகளுக்கும் அது பயன்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக் கடைசியில் பருவமழைச் செய்தி வரும்போது எந்தப் பள்ளியிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

கடற்கரை இல்லாத மாவட்டத்துக்குக் கடலோர வானிலை எதற்கு?

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. அதுவரை நாம் கடற்கரை உள்ள மாவட்டம்; இப்போது கடற்கரை இல்லை. “வட கடலோர மாவட்டங்களில் கனமழை” என்று அறிவிப்பு வந்தால் அது சென்னைக்கும் கடலூருக்கும் உரியது, நமக்கில்லை என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

முதல் வேலையாகச் சுவர்ப்படத்தை எடுத்து, புதுச்சேரிக் கடற்கரைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே நூலை வைத்து அளக்கச் சொன்னேன். நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவே மலை எதுவும் பெரிதாக இல்லை. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சமவெளியைக் கடந்து, முதலில் மோதும் உயரங்களில் ஒன்று நம் கல்வராயன் மலை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இம்மலையை வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று பிரித்துச் சொல்வார்கள். மலை மீது மோதும் காற்று மேலெழும், மேலே போகப் போகக் குளிரும், குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தையும் தாங்க முடியாது, மழையாக இறக்கிவிடும். அந்த நீர் கோமுகி, மணிமுக்தா ஆறுகளாக இறங்கி, அணைகளில் தேங்கி, வெள்ளாற்றோடு சேர்ந்து மீண்டும் கடலுக்கே போகிறது. கடலும் மலையும் ஒரே சுற்றின் இரு முனைகள் என்பதைச் சுவர்ப்படத்தில் விரல் வைத்துக் காட்டியபோது பிள்ளைகளுக்குப் புரிந்தது.

முன்கணிப்பு உண்மையில் என்ன சொல்கிறது?

தமிழ் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். வானிலைத் துறைக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் வடகிழக்குப் பருவமழைக் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதங்களில் கிடைக்கிறது. நாட்டின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்க, நாம் மட்டும் ஐப்பசியைப் பார்த்துக் காத்திருக்கிறோம்.

1875 இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை, ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் முதல் நாளிலோ இப்பருவத்துக்கான முன்கணிப்பை வெளியிடுகிறது. 2024 இல் அது சொன்னது இதுதான்: தென் தீபகற்ப இந்தியாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை, நீண்டகாலச் சராசரியில் 112 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த ஒரே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தோம்.

தென் தீபகற்ப இந்தியா என்பது எது? தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் சேர்ந்த பகுதி ஒன்று, கேரளமும் மாஹேயும் ஒன்று, கடலோர ஆந்திரமும் ஏனாமும் ஒன்று, இராயலசீமா ஒன்று, தென் உள் கர்நாடகம் ஒன்று. ஆக ஐந்து வானிலைப் பிரிவுகள். கள்ளக்குறிச்சி அதில் ஒரு சிறு புள்ளி.

நீண்டகாலச் சராசரி என்பது எது? 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுகளின் சராசரி. இந்த ஐந்து பிரிவுகளுக்கும் சேர்த்து அது சுமார் 334 மில்லிமீட்டர். 334 இல் 112 விழுக்காடு எவ்வளவு என்று கணக்கிடச் சொன்னேன். ஏறத்தாழ 374 வந்தது.

வாய்ப்பு என்பது என்ன? இங்குதான் வகுப்பு நின்றது. “பெய்யும்” என்பதற்கும் “பெய்ய வாய்ப்பு” என்பதற்கும் பிள்ளைகள் வேறுபாடு காணவில்லை. பெரியவர்கள் நாமும் பல நேரங்களில் காண்பதில்லை.

தேர்ச்சி விழுக்காட்டைப் போல

ஆசிரியர்களுக்கு எளிதில் புரியும் ஓர் உவமை உண்டு. “இந்த ஆண்டு மாநிலத் தேர்ச்சி விழுக்காடு கூடும்” என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு, நம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தேறிவிடும் என்று நாம் சும்மா இருப்போமா? அந்தப் பிள்ளையின் வருகைப்பதிவையும் மாதத் தேர்வு மதிப்பெண்ணையும் பார்ப்போம்.

பருவமழை முன்கணிப்பும் அப்படித்தான். அது மொத்தத்தைப் பற்றியது. நம் ஊரையோ ஒரு நாளையோ பற்றி அது பேசுவதில்லை. மாணவனின் கேள்விக்கு முதல் பாதி விடை இது.

செயல்பாடு 1: சீட்டுக் குலுக்கல்

ஒரே அளவில் 10 காகிதச் சீட்டுகள். 5 சீட்டில் “அதிகம்”, 3 இல் “இயல்பு”, 2 இல் “குறைவு” என்று எழுதி ஒரு மண்குடத்தில் போட வேண்டும். இதுதான் “அதிக மழைக்கு 50 விழுக்காடு வாய்ப்பு” என்பதன் பொருள். ஒவ்வொரு மாணவரும் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். ஒருவர் எடுப்பது ஓர் ஆண்டு.

எங்கள் வகுப்பில் முதலில் எடுத்த இருவருக்கும் “குறைவு” வந்தது. “கணிப்பு தப்பு டீச்சர்” என்று சத்தம். எல்லாரும் எடுத்து முடித்தபின் எண்ணிப் பார்த்தால், “அதிகம்” ஏறத்தாழப் பாதி. முன்கணிப்பை ஓர் ஆண்டை வைத்து மெச்சவும் கூடாது, திட்டவும் கூடாது. பல ஆண்டுகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள். குடத்தில் “குறைவு” என்ற சீட்டும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது என்றாள் ஒருத்தி. அதுவே இச்செயல்பாட்டின் பயன்.

இந்தச் சீட்டுகளின் எண்ணிக்கையை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி இயல்பாக வரும். அப்போது பசிபிக் பெருங்கடலைப் பற்றிப் பேசலாம். பசிபிக்கின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிட வெப்பமடைவது எல் நினோ. குளிர்வது லா நினா. எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு கூடும். ஆனால் நம் வடகிழக்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் கைகொடுக்கும். வலுவான எல் நினோ நிலவிய 2015 இல் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கின. மறு ஆண்டு 2016 இல் நிலைமை மாறி, தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் சீட்டுகளைக் கூட்டும், குறைக்கும். இவை எல்லாம் சாய்வுகள்தாம், கட்டளைகள் அல்ல. 2024 இல் எல் நினோ இல்லாமலேயே நமக்கு மழை மிகுந்தது.

ஒரே மொத்தம், வேறு வேறு மழை

செயல்பாடு 2: இரண்டு ஊர்கள்

கரும்பலகையில் இரண்டு ஊர்களை எழுதலாம். முதல் ஊரில் ஒரு மாதத்தில் 20 நாள் மழை. நாளுக்கு 15 மில்லிமீட்டர். இரண்டாம் ஊரில் 4 நாள் 15 மில்லிமீட்டர். ஒரே ஒரு நாள் 240 மில்லிமீட்டர். இரண்டுக்கும் மொத்தம் 300. சராசரி ஒன்றே.

எந்த ஊரில் ஏரி நிரம்பும்? எந்த ஊரில் கரை உடையும்? கிணற்றில் நீர் ஊறுவது எங்கே? மக்காச்சோளம் சாய்வது எங்கே? பேருந்து நிற்பது எங்கே? பிள்ளைகள் போட்டி போட்டுச் சொல்வார்கள். அவர்கள் கண்ணால் கண்டதுதானே.

இது கற்பனைக் கணக்கு என்று எண்ண வேண்டாம். 2023 இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 4 விழுக்காடே அதிகம். கணக்குப் புத்தகப்படி அது “இயல்பான” ஆண்டு. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை மூழ்கியது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாநிலம் முழுவதற்கும் மூன்று மாதத்தில் கிடைக்க வேண்டிய இயல்பான மழை 44 சென்டிமீட்டர் அளவே. அதன் இரு மடங்குக்கு மேல் ஓர் ஊரில் ஒரே நாளில் விழுந்தது. “இயல்பு” என்ற சொல்லைக் கேட்டு யாரும் நிம்மதியாக உறங்கிவிட முடியாது.

செயல்பாடு 3: பழமொழியைச் சோதித்தல்

வீட்டுப் பெரியவர்களிடம் மழையைப் பற்றிய பழமொழிகளைக் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். எங்கள் வகுப்பில் அதிகம் வந்தது, கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்பது. தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்த அனுபவம் அது, ஏளனம் செய்யத்தக்கதல்ல. கார்த்திகைக்குப் பின் மழை தணிவது பெரும்பாலான ஆண்டுகளில் உண்மையே.

ஆனால் நாள்காட்டியைப் புரட்டச் சொன்னேன். காயல்பட்டினத்தில் அந்தப் பெருமழை பெய்த 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள்! பழமொழி ஒரு சராசரி. விதிவிலக்கை அது சொல்லாது. “அப்போ பழமொழியும் முன்கணிப்பு மாதிரிதானா டீச்சர்?” என்று கேட்டான் குச்சிக்கிழங்குக் கேள்வி கேட்டவன். அந்தப் பாடவேளையில் அதற்குமேல் நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

வங்கக் கடலிலிருந்து தென்பெண்ணை வரை

2024 இல் பருவமழை அக்டோபர் 15 அன்று தொடங்கியது. நவம்பர் கடைசியில் வங்கக் கடலில் ஃபெஞ்சல் புயல் உருவானது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்துவிட்டால் புயல் ஓய்ந்துவிடும் என்பதே பலரின் எண்ணம். ஃபெஞ்சல் அப்படிச் செய்யவில்லை. புதுச்சேரி அருகிலேயே பல மணி நேரம் ஏறத்தாழ நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை பெய்தது.

பிறகு வலுக்குறைந்து மேற்கே நகர்ந்தது. காற்று தணிந்தது, மழை தணியவில்லை. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், கடற்கரையிலிருந்து வெகு உள்ளே இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். நம் மாவட்டத்தில் திருப்பாலப்பந்தலில் 32, மாடாம்பூண்டியில் 31. கடற்கரை இல்லாத ஊர்களில் கடற்கரைப் புயலின் மழை!

மேலே பெய்தது கீழே வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. மூங்கில்துறைப்பட்டு, திருக்கோவிலூர் வழியாகத் தென்பெண்ணை கரை புரண்டு ஓடியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர்.

பருவம் முடிந்தபோது தமிழ்நாட்டில் பதிவான மழை சுமார் 590 மில்லிமீட்டர். இயல்பு சுமார் 443. வேறுபாட்டை விழுக்காட்டில் கணக்கிடச் சொன்னேன்: 33 விழுக்காடு அதிகம். அக்டோபரில் சொன்ன முன்கணிப்பு பலித்துவிட்டது. ஆனால் டிசம்பர் 1 அன்று திருப்பாலப்பந்தலில் என்ன நடக்கும் என்பதை அக்டோபர் 1 அன்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. அதைச் சொன்னவை அந்த வாரத்து அறிவிப்புகளும் அன்றைய எச்சரிக்கைகளுமே.

எந்த அறிவிப்பை எதற்குப் பயன்படுத்துவது?

இதைப் பிள்ளைகள் ஓர் ஏணியாக வரைந்தார்கள்.

முதல் படி, பருவகால முன்கணிப்பு. மூன்று மாதத்துக்கு உரியது. ஏரிக் கால்வாயைத் தூர்வாருவது, விதை வாங்குவது, பள்ளிக் கூரையையும் மின்கம்பியையும் பார்த்துச் சரிசெய்வது போன்ற பொதுவான ஆயத்தங்களுக்கு இது போதும்.

இரண்டாம் படி, வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியாகும் நீட்டிக்கப்பட்ட முன்கணிப்பு. அடுத்து வரும் வாரங்களின் போக்கைச் சொல்லும். விதைப்பு, உரமிடுதல், அறுவடை ஆகியவற்றைத் தள்ளிவைக்கலாமா என யோசிக்க உதவும்.

மூன்றாம் படி, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் வெளியிடும் மாவட்ட வாரியான அறிவிப்பு.

நான்காம் படி, அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கை. கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் வருவது இதுதான். பிள்ளையை இப்போது வீட்டுக்கு அனுப்பலாமா, சற்றுப் பொறுத்து அனுப்பலாமா என்பதை இந்தப் படியில் நின்றே முடிவெடுக்க வேண்டும்.

மேலே இருப்பவை நீண்ட காலத்தையும் பரந்த இடத்தையும் பார்ப்பவை; கீழே வர வர இடமும் காலமும் சுருங்கி, உறுதி கூடும்.

அறிவிப்பில் வரும் சொற்களுக்கும் வரையறை உண்டு. “ஓரிரு இடங்களில்” என்றால் அப்பகுதியிலுள்ள மழை அளவீட்டு நிலையங்களில் கால் பங்கு வரை. “ஒரு சில இடங்களில்” என்றால் கால் முதல் அரைப் பங்கு. “அநேக இடங்களில்” என்றால் அரை முதல் முக்கால். “பெரும்பாலான இடங்களில்” என்றால் அதற்கும் மேல். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6 ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4 ஐத் தாண்டினால் அதி கனமழை.

நிறங்களையும் சரியாகச் சொல்லித்தர வேண்டும். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை; மஞ்சள் என்றால் கவனித்திரு; ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இரு; சிவப்பு என்றால் செயலில் இறங்கு. “சிவப்பு என்றால் பள்ளிக்கு விடுமுறை” என்று மட்டுமே பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். நிறத்தை அறிவிப்பது வானிலைத் துறை. இரண்டும் வேறு.

செயல்பாடு 4: நம் பள்ளி மழைமானி

அடி முதல் மேல் வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குவளையோ, கழுத்தை வெட்டியெடுத்த நேரான பிளாஸ்டிக் புட்டியோ போதும். புட்டியின் அடி மேடுபள்ளமாக இருந்தால், அந்தப் பகுதி மறையும் வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் எனக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளியே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்ட வேண்டும். மரத்துக்கும் கூரைக்கும் விலகி, திறந்த வெளியில் சாயாமல் நிறுத்த வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்து, மீண்டும் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். வானிலைத் துறையும் அதே நேரத்தில்தான் அளக்கிறது. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பதிவான நாளே அவர்கள் கணக்கில் மழைநாள்.

1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் நீர். இதைச் சொன்னதும் கணக்கு உயிர்பெறும். பள்ளிக் கூரையின் பரப்பை அளந்தால் 20 மில்லிமீட்டர் மழையில் எத்தனை லிட்டர் சேகரிக்கலாம்? திருப்பாலப்பந்தலில் பெய்த 320 மில்லிமீட்டர் மழை, 5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஊரில் பெய்தால் எவ்வளவு நீர்? 160 கோடி லிட்டர்! சுழியங்களை எண்ணி முடிப்பதற்குள் வகுப்பு அமைதியாகிவிட்டது. “இவ்வளவு தண்ணியும் எங்க போகும் டீச்சர்?” என்ற கேள்வி வந்தது. ஏரி, ஓடை, வாய்க்கால் வரைபடத்துக்கு அதுவே அடுத்த வாசல்.

வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ஐந்தாறு மாணவர்கள் வீட்டிலும் மழைமானி வைத்தார்கள். ஒரே நாளில் ஓர் ஊரில் 42 மில்லிமீட்டர். நான்கு கிலோமீட்டர் தள்ளி 9. பதிவேட்டை வாசித்தபோது, “மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்” என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

வெயிலடிக்கும்போதும் வெள்ளம் வரும்

மலைப்பகுதிப் பள்ளிகள் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஓடையில் வெள்ளம் வர, நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. வெள்ளிமலைப் பக்கம் பெய்த மழை, அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதும் ஓடையில் இறங்கும். நீர் திடீரெனக் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால் உடனே கரையேற வேண்டும். வேகமாக ஓடும் நீர் கணுக்கால் அளவே இருந்தாலும் ஆளைத் தடுமாறச் செய்யும். தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடினால் கடக்கக் கூடாது. பெரியவர்கள் கடந்தாலும் நீ கடக்காதே என்று பெயர் சொல்லி ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்ல வேண்டும்.

இடி மின்னலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மின்னலைக் கண்டு, இடி கேட்கும்வரை எண்ணினால், 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. விளையாட்டை நிறுத்திக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. தனிமரத்தடி அடைக்கலம் ஆகாது.

எங்கள் பள்ளியில் ஓடை கடந்து வரும் மாணவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்துத் தலைமையாசிரியர் அறையில் ஒட்டினோம். யார் எந்த ஓடையைக் கடக்கிறார், மாற்றுப் பாதை உண்டா, யாரை அழைக்க வேண்டும் என்பவை அதில் இருக்கும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070 ஆகிய எண்கள் பெரிய எழுத்தில் இருக்கும். டி.என். அலர்ட் செயலியையும், மின்னல் எச்சரிக்கைக்கான தாமினி செயலியையும் ஆசிரியர் ஒவ்வொருவரும் கைப்பேசியில் வைத்துக்கொண்டோம். பட்டியல் தயாரிக்க ஒரு மணி நேரம் ஆனது. இதை நாங்கள் ஏன் முந்தைய ஆண்டுகளில் செய்யவில்லை என்று எண்ணி வெட்கப்பட்டோம்.

அப்பாவுக்குச் சொன்ன பதில்

குச்சிக்கிழங்குக் கேள்விக்கு நான் “பிடுங்குங்கள்” என்றும் சொல்லவில்லை, “விடுங்கள்” என்றும் சொல்லவில்லை. அது என் வேலையும் அல்ல. அவனே வீட்டில் போய்ச் சொன்னதைப் பிறகு வகுப்பில் சொன்னான். “பத்துச் சீட்டுல பாதி அதிக மழைனு இருக்குப்பா. ஆனா நம்ம ஊருக்குனு தனியா சொல்லல. அதனால இப்பவே வடிகால் வெட்டி வைப்போம். வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் பாத்துச் சொல்றேன்.”

அவர்கள் வடிகால் வெட்டினார்கள். நவம்பர் கடைசி வாரத்தில் புயல் அறிவிப்பு வந்ததும் பள்ளக்கால் நிலத்துக் கிழங்கை மட்டும் பிடுங்கினார்கள். மேட்டு நிலத்தில் இருந்ததை விட்டுவைத்தார்கள். அதில் ஒரு பகுதி அழுகியது; மீதி தேறியது. முழு இழப்பும் இல்லை, முழு வெற்றியும் இல்லை. முன்கணிப்பைக் கொண்டு ஒரு குடும்பம் செய்யக்கூடியது பெரும்பாலும் இவ்வளவுதான். இழப்பைக் குறைக்கலாம், மழையை மாற்ற முடியாது.

அந்த மாணவன் இப்போது மேல்வகுப்புக்குப் போய்விட்டான். மழைமானியும் பதிவேடும் அடுத்த எட்டாம் வகுப்பின் பொறுப்பில் இருக்கின்றன. காலை 8.30 மணிக்கு யார் அளவெடுப்பது என்பதில் இன்றும் சண்டைதான்.

ஆசிரிய நண்பர்களே, வரும் அக்டோபரில் பருவமழைச் செய்தி வெளியாகும் நாளில் அந்தத் துணுக்கை வெட்டி வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இது எந்தப் பரப்புக்குச் சொல்லப்பட்டது? எந்தக் காலத்துக்குச் சொல்லப்பட்டது? எவ்வளவு உறுதியாகச் சொல்லப்பட்டது? இந்த மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை, மழையைப் பற்றிய செய்தியை மட்டுமல்ல, வேறு எந்தச் செய்தியையும் நிதானமாக வாசிக்கும். அதோடு, ஓடை கடக்கும் பிள்ளைகளின் பட்டியலை முதல் மழைக்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள்.